வெள்ளை நிறம் மட்டும் போதுமா?
வீட்டில் நாய் வளர்த்துக் குட்டி எடுப்போர் கவனத்திற்கு

காரக்கோணம், குன்னத்துகால், பாறசாலை என்று எல்லையோர ஊர்களில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு, ஊருக்குப் போய்த் திரும்பும்போது ராஜபாளையம் குட்டி ஒன்று கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. வீட்டுக்குக் காவல், நாளை குட்டி போட்டால் நாலு காசும் கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கில் தவறில்லை. ஆனால் குட்டிகள் செவிடாகப் பிறந்தாலோ, வாங்க ஆளின்றித் தெருவில் விடப்பட்டாலோ கணக்கு தலைகீழாகிவிடும்.

செவிட்டுக் குட்டிகள்

ராஜபாளையம் நாய்க்குப் பெருமையே பால் போன்ற வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும்தான். 2005-ல் தபால் துறை வெளியிட்ட நாய்ப் படத் தபால்தலைகளில் இதற்கும் இடம் கிடைத்தது. ஆனால் அந்த வெண்மையோடு ஒரு குறையும் சேர்ந்து வரலாம். தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் காதின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் காது செவிடாகிவிடும். வெள்ளை உடலில் கரும்புள்ளி கொண்ட டால்மேஷன் இனத்திலும் இதே தொல்லை உண்டு. அமெரிக்காவில் பரிசோதித்த டால்மேஷன் நாய்களில் 100-க்கு ஏறத்தாழ 30, ஒரு காதிலோ இரு காதிலோ செவிடு.

காது கேளாத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். அதைப் பொல்லாத நாய் என்கிறோம். பாவம், குறை அதனுடையதல்ல.

ஆறு வாரக் குட்டியைத் தனியே விட்டு, அதன் கண்ணில் படாமல் பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். திரும்பாத குட்டியை மிருக ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ஒரு காது மட்டும் செவிடானால் கை தட்டுவதில் தெரியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். காது கேளாத நாயையும் காரணமின்றிச் சீறும் நாயையும் இணை சேர்க்கவே கூடாது. தகப்பன்–மகள், அண்ணன்–தங்கை உறவில் சேர்ப்பதும் கூடாது; ஒளிந்திருக்கும் குறைகள் வெளிப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். குட்டிகளை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது.

எட்டு வாரம் ஏன்? குட்டி பிறந்து மூன்றாவது வாரம் முதல் மூன்று மாதம் வரை கற்றதே அதன் குணமாகிறது. கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் குட்டி கற்கிறது. அந்நாட்களில் குழந்தைகள், விருந்தினர், சைக்கிள் மணி, மழைச் சத்தம் எல்லாம் அதற்குப் பழக வேண்டும். கட்டிப்போட்டே வளர்த்தால் பயந்தாங்கொள்ளியாகும். பயந்த நாய்தான் முதலில் கடிக்கும்.

செலவையும் பாருங்கள்

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். தாய்க்குக் கூடுதல் தீனி, குட்டிகளுக்கு இரண்டாம் வாரம் முதல் குடற்புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் மனிதர் பிழைப்பது மிக அரிது. ஆகவே தடுப்பூசியில் சிக்கனம் வேண்டாம்.

எட்டுக் குட்டி பிறந்தால் எட்டு வீடு வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடமும் முன்னரே கேட்டுவிடுவது நல்லது. குட்டிகளைக் கேட்டு வாங்க இன்னார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால், பெட்டைக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். காவலுக்கும் அன்புக்கும் அந்த ஒரு நாயே போதும்.