வின்ச் இழுக்க மறுக்கிறதா?

கலம்போலி இரும்புச் சந்தைப் பக்கம் லாரித் தொழிலில் இருக்கும் நம்மவர்களில் சிலர் ரெக்கவரி வண்டியும் வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் போர்காட் மலைப்பாதையில் பள்ளத்தில் இறங்கிய லாரிகளை இழுத்து மேலேற்றும் வேலை இவர்களுக்கு. அந்த வண்டிகளின் ஹைட்ராலிக் வின்ச் "முன்னே மாதிரி இழுக்கவில்லை" என்றால் பெரும்பாலும் நடப்பது என்ன? மிஸ்திரி ஒரு ஸ்பானரை எடுத்து ரிலீஃப் வால்வு ஸ்குரூவை இரண்டு சுற்று முடுக்கிவிடுவார். வின்ச்சும் அன்றைக்கு இழுத்துவிடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிது. கியர் பாக்ஸின் பக்கத்திலிருக்கும் பி.டி.ஓ. மூலம் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் தள்ளும் ஆயில் கண்ட்ரோல் வால்வு வழியாக மோட்டாருக்குப் போய், மோட்டார் கியர்களின் மூலம் டிரம்மைச் சுற்றுகிறது. எவ்வளவு ஆயில் ஓடுகிறதோ அவ்வளவு வேகம். எவ்வளவு அழுத்தம் ஏறுகிறதோ அவ்வளவு பலம். ரிலீஃப் வால்வு நம் வீட்டுக் குக்கரின் வெயிட்டைப் போன்றது. அழுத்தம் அளவு மீறினால் ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடும். சாதம் வேகவில்லை என்று குக்கர் வெயிட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்போமா?

ஆகவே முதல் கேள்வி: வின்ச் மெதுவாக இழுக்கிறதா, அல்லது பாரம் வந்ததும் நின்றே விடுகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள்.

மெதுவாக, ஆனால் விடாமல் இழுக்கிறது என்றால் ஆயில் ஓட்டம் போதவில்லை. தொட்டியில் ஆயில் அளவு, எஞ்சின் வேகம், பம்புக்கு ஆயில் வரும் வழியிலுள்ள வடிகட்டி ஆகியவற்றைப் பாருங்கள். ஆயில் மோர் போல நுரைத்திருந்தாலோ, பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் வந்தாலோ, உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கிளாம்ப்பில் காற்று நுழைகிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பே தேய்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு வரலாம்.

சும்மா சுற்றும்போது வேகமாகச் சுற்றி, பாரம் வந்ததும் நிற்கிறதா? இதற்கு ஊகம் உதவாது. பம்பின் பிரஷர் லைனில் ஒரு கேஜ் மாட்டியே தீர வேண்டும். உங்கள் வின்ச்சுக்குக் குறித்த அழுத்தம் 150 பார் என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏற்றும்போது கேஜ் 150-ஐத் தொட்டும் டிரம் அசையாவிட்டால் பம்பின் மேலும் ரிலீஃப் வால்வின் மேலும் குற்றமில்லை. பிரேக் முழுதாக விடுபடவில்லை, கியரில் கோளாறு, அல்லது பாரமே அதிகம். கேஜ் 100-க்கு மேல் ஏறவில்லை என்றால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்கோ கசிகிறது. அதே பம்பில் ஓடும் பூம் நன்றாகத் தூக்குகிறதா பாருங்கள். தூக்கினால் பம்ப் நலம். வின்ச்சின் வால்வையும் மோட்டாரையும் சந்தேகிக்கலாம். ரிலீஃப் வால்வின் இருக்கையில் ஒரு சிறு உலோகத் தூசி சிக்கினாலும் அழுத்தம் ஏறாது. அதைக் கழற்றிக் கழுவினால் போதும், முடுக்க வேண்டியதில்லை.

காலையில் நன்றாக இழுத்து மதியம் சோர்ந்து போகும் வின்ச்சும் உண்டு. சூட்டில் ஆயில் இளகி, தேய்ந்த இடுக்குகள் வழியே உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது. கனமான ஆயில் ஊற்றிச் சமாளிப்பது சில நாள் வைத்தியம்தான்.

கோளாறே இல்லாமலும் வின்ச் பலமிழக்கும். பத்து டன் என்று தகட்டில் போட்டிருப்பது டிரம்மின் முதல் அடுக்கு வயர் ரோப்புக்கு மட்டுமே. 200 மி.மீ. விட்டமுள்ள டிரம்மில் 20 மி.மீ. ரோப் என்றால் முதல் அடுக்கின் ஆரம் 110. நான்காம் அடுக்கில் 170. அங்கே இழுவை சுமார் ஆறரை டன்தான். டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்றை விட்டுவிட்டு மீதி ரோப்பை வெளியே எடுத்து, ஒரு ஸ்னாட்ச் பிளாக்கில் கோத்து ரோப்பின் முனையை வண்டிக்கே திருப்பிக் கட்டுங்கள். வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பல "கோளாறுகள்" இப்படியே தீர்ந்துவிடும். ஆனால் பிளாக்கின் மேலும் அதைக் கட்டும் இடத்தின் மேலும் அந்த இரட்டிப்புப் பாரம் விழும். அதைத் தாங்குமா என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

முடுக்கிய ஸ்குரூவுக்கு வருவோம். கூடுதல் அழுத்தத்தை ஹோஸும் கியரும் வயர் ரோப்பும்தான் சுமக்கின்றன. ரோப் அறுந்தால் சாட்டையாகத் திரும்பும். அதன் பாதையில் நிற்பது பெரும்பாலும் கிளீனர் பையன்தான். இழுக்கும்போது ரோப்பின் நேர்கோட்டிலோ, அதைத் தாண்டியோ, ஸ்னாட்ச் பிளாக்கின் மடக்குக்கு உள்ளேயோ யாரும் நிற்கக் கூடாது.

இன்னொன்றை வீட்டிலிருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஊசிமுனைத் துவாரத்திலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இராது. அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டிக் கசிவைப் பார்க்கலாம். கையில் பட்டுவிட்டால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே, சில சமயம் கையையே இழக்க நேரிடும்.