வளையம் எங்கும் பத்தடிதான்

திருச்செந்தூர் வட்டாரத்தில் ஒரு பையன் ஆறடியைத் தாண்டி வளர்ந்துவிட்டால் ஊர்க்காரர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: “ஏலே, வாலிபால் ஆடுதியா, போலீஸுக்குப் போவப் போறியா?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராகவும், நாட்டின் கைப்பந்து நிர்வாகத்தில் பெரும்புள்ளியாகவும் இருந்த சிவந்தி ஆதித்தனின் குடும்பப் பூர்வீகம், பக்கத்தில் உள்ள காயாமொழி. அவர் பெயரில் உடற்கல்வியியல் கல்லூரியே இங்கு நடக்கிறது. ஆடினால் கைப்பந்து, ஆடி முடித்தால் அரசு வேலை. இந்தக் கணக்கு தலைமுறைகளாகப் பிசகவில்லை.

ஆட்டத்தையே வேலையாக்கி, வெளிநாட்டு கிளப்பில் சம்பளம் வாங்கலாம் என்பது இந்தக் கணக்கில் வராத ஒன்று. கூடைப்பந்தில் அப்படிப் போன இந்தியர்கள் இருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் சொல்ல வேண்டியவர் கீது அன்னா ஜோஸ். கோட்டயத்துப் பெண், ஆறடி இரண்டு அங்குலம். ஆடியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேக்காக. அதாவது, திருச்செந்தூருக்கு வரும் செந்தூர் எக்ஸ்பிரஸை ஓட்டும் அதே நிர்வாகம். 2006இல் மெல்போர்ன் புறநகர் அணியான ரிங்வுட் ஹாக்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆஸ்திரேலிய கிளப்புக்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். 2011இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஆன்டோனியோ ஆகிய மூன்று அணிகளின் ட்ரையலுக்குப் போனார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து ரயில்வேக்கும் இந்தியாவுக்கும் தொடர்ந்து ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது வந்தது. கீதுவின் துணிச்சலுக்குப் பின்னால் திரும்பி வர ஒரு வேலை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சத்னம் சிங்கின் கதை வேறு மாதிரி. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமம், விவசாயக் குடும்பம், ஏழடி இரண்டு அங்குலம். லூதியானா அகாடமியில் பயின்றவரை 14 வயதில் புளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமி உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொண்டது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2015இல் 52ஆவது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தபோது இந்தியா முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் டிராஃப்டில் பெயர் வருவது வேறு, என்.பி.ஏ. களத்தில் இறங்குவது வேறு. டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற இரண்டாம் நிலை அணியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தே அவருக்கு இரண்டு சீசன் போனது. பிறகு கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. அதன்பின் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டு ஆண்டு தடை. அதற்குப் பின் அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம். உயரம் அவரை வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் மற்ற நாட்டுப் பையன்கள் ஆடி முடித்திருந்த நூற்றுக்கணக்கான கடுமையான ஆட்டங்கள் அவரிடம் இல்லை.

வெளிநாட்டு ஒப்பந்தம் என்பது வெளியே தெரிகிற அளவுக்குப் பளபளப்பானதல்ல. ஏஜென்ட் ஒருவர் ஆட்ட வீடியோக்களைக் கிளப்புகளுக்கு அனுப்புவார். பிடித்தால் ட்ரையல், அல்லது நேரடியாக ஒரு சீசனுக்குக் கையெழுத்து. சம்பளத்தோடு வீடும் விமான டிக்கெட்டும் சேர்த்துப் பேசுவது வழக்கம். பழைய நாட்டுச் சம்மேளனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கினால்தான் களம் இறங்கலாம். இதையெல்லாம் தாண்டினால் பெரிய சிக்கல் ஒன்று காத்திருக்கும்: ஓர் அணியில் இத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்தான் என்று லீக்குகள் வரம்பு வைத்திருக்கின்றன. அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு கிளப்புகள் தேடுவது பெரும்பாலும் அமெரிக்கர்களை. இந்தியர் ஒருவர் உள்ளே நுழைய, இன்னோர் இந்தியரை ஜெயித்தால் போதாது.

இதற்கு ஒரு பக்கவாசல் திறந்தது. ஜப்பானின் பி லீக் 2020இல் ஆசிய ஆட்டக்காரர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியது. அதில் முதலில் போனவர் பிலிப்பைன்ஸின் தெர்டி ரவேனா; அவருக்குப் பின்னால் அவர் நாட்டவர்கள் வரிசையாகப் போனார்கள். ஆரம்பப் பட்டியலில் சீனா, தைவான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தென்கொரியா இருந்தன. இந்தியா இல்லை. இத்தனைக்கும் 2014இல் வூஹானில் சீனாவை 65-58 என்று அதன் சொந்த மண்ணிலேயே தோற்கடித்த அணி நம்முடையது. அந்தத் தலைமுறையின் அம்ரித்பால் சிங் 2017இல் சிட்னி கிங்ஸ் அணிக்குப் போனார். அம்ஜோத் சிங் ஜப்பானிலும், பிறகு அமெரிக்காவின் ஒக்லஹோமா சிட்டி புளூ அணியிலும் ஆடினார். வழி தெரிந்திருந்தது, அதைத் தொடர்ந்து திறந்து வைக்க ஆள் இல்லை.

கடலுக்கு அக்கரையில், இலங்கையில், ஒரு தமிழ்ப் பெண் இதைவிட நீண்ட தூரம் போயிருக்கிறார். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்து அங்குலம். கூடைப்பந்திலிருந்து பிறந்த நெட்பால்தான் அவர் ஆட்டம். வளையத்தின் உயரம் இரண்டிலும் அதே பத்தடி. தோழி பந்தை உயரத் தூக்கிப் போடுகிறார். எதிரணிப் பெண்கள் எம்பியும் எட்டாத உயரத்தில் தர்ஜினி அதை இரு கையால் பிடிக்கிறார். விதிப்படி மூன்று விநாடி அவகாசம். தடுப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். அவர் அவசரமே படாமல் பந்தை வளையத்துக்குள் இறக்குகிறார். மெல்போர்னின் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடிய அவர், 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் 348 கோல் போட்டு முதலிடம் பிடித்தார். 2023 கேப் டவுன் உலகக் கோப்பையிலும் இறங்கினார், 44 வயதில்.

தமிழ்நாட்டில் கூடைப்பந்து வறண்டு கிடக்கவில்லை. பெரியகுளத்திலும் கரூரிலும் கோவையிலும் அகில இந்தியப் போட்டிகள் நடக்கின்றன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே அணிகள் இருக்கின்றன. தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். நல்ல ஆட்டக்காரர் 21 வயதில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார். பயணமும் அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டின் நிலைமை தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

மாற வேண்டியது அந்த வேலையின் விதி. வெளிநாட்டு ஒப்பந்தம் கிடைத்த ஆட்டக்காரருக்கு இரண்டு சீசன் சம்பளமில்லா விடுப்பும், திரும்பி வந்தால் அதே பணியிடமும் உண்டு என்று ரயில்வேயும் வங்கிகளும் எழுத்தில் தரட்டும். ஜப்பானின் பி லீக் போன்றவற்றிடம் இந்தியருக்கான இடத்தை இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் கேட்டு வாங்கட்டும். இந்தியாவில் பிறந்த ஒருவர்கூட இன்னும் ஓர் என்.பி.ஏ. ஆட்டத்தில் களம் இறங்கியதில்லை.