ஜெயித்தது ஒருவர், பாட்டு ஓடியது இன்னொருவருக்கு!
செல்போன் கடையில் நடந்த "சூப்பர் சிங்கர்" பட்டிமன்றம்

பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டு.

வெற்றிலைக் கட்டும் வாழைத்தாரும் வெல்லச் சிப்பமும் ஏறி இறங்கும் ஊர். நாமக்கல் பஸ்சுக்கு ஒரு கூட்டம், கரூர் பஸ்சுக்கு ஒரு கூட்டம்.

2011-ம் ஆண்டு வாக்கில், சாயங்காலம் ஆனால் செல்போன் கடைகளில் இன்னொரு கூட்டமும் நிற்கும். மெமரி கார்டில் பாட்டு ஏற்றத்தான்!

"அண்ணா, சாய்சரண் பாட்டு வந்துருச்சுங்களா?"

"அட போங்க. சத்யபிரகாஷ் பாட்டைத்தானுங்க எல்லாரும் ஏத்துறாங்க!"

கடைக்காரர் பாடுதான் திண்டாட்டம். யார் பாட்டு அதிகம் போகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், ஒரு வாடிக்கைக்காரர் போச்சு!

விஜய் டி.வி.யின் "சூப்பர் சிங்கர்" 3-வது போட்டி நடந்த நேரம் அது. ஓட்டு எண்ணிக்கையில் பட்டம் சாய்சரணுக்குப் போனது. ரசிகர்கள் விடுவார்களா? "ஓட்டு வேற, பாட்டு வேற" என்று கணக்கு போட ஆரம்பித்தார்கள்.

6 ஆண்டு கழித்து அந்தக் கணக்குக்கு ஒரு விடை கிடைத்தது. 2017-ல் வந்த "மெர்சல்" படத்தில், ஏ.ஆர்.ரகுமான் இசையில் "ஆளப்போறான் தமிழன்" பாட்டு பட்டிதொட்டியெல்லாம் முழங்கியது. பாடியவர்களில் சத்யபிரகாஷ் ஒருவர், பூஜா ஒருவர். இரண்டு பேருமே பட்டம் வாங்காதவர்கள்!

அமெரிக்காவிலும் இதே கூத்து

இது நம் ஊர் வழக்கு மட்டும் அல்ல. 2003-ல் "அமெரிக்கன் ஐடல்" போட்டியில் ரூபன் ஸ்டட்டர்ட் ஜெயித்தார். தோற்றவர் கிளே ஐக்கன். வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் ஓட்டு. பதிவானதோ 2 கோடியே 40 லட்சம்!

அதே ஆண்டில் இருவரின் ஆல்பமும் கடைக்கு வந்தன. முதல் வாரத்தில் கிளேயுடையது 6 லட்சத்துக்கு மேல் விற்றது. ரூபனுடையது 4 லட்சத்தைத் தாண்டியது. தோற்றவர் கடையில் ஜெயித்துவிட்டார்.

காசு யாருக்கு?

அங்கே விற்றது ரசீதோடு விற்றது. 2003-ல் ஆப்பிள் கம்பெனி திறந்த பாட்டுக்கடையில் ஒரு பாட்டு 99 சென்ட். ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

வேலூர் கடையில் ஏற்றிய பாட்டுக்கு ஏது கணக்கு? வாடிக்கைக்காரர் கொடுத்த காசு கடைக்காரர் கல்லாவோடு சரி. பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. எந்தப் பாடகருக்காக ரசிகர்கள் மல்லுக்கட்டினார்களோ, அவருக்கே!

சட்டம் 2012-ல்தான் திருத்தப்பட்டது. பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பாடியவருக்கும் ராயல்டி பங்கு உண்டு என்று வந்தது. அடுத்த ஆண்டே பாடகர்களின் உரிமைச் சங்கமும் பதிவானது. சட்டம் வந்தாலும் மெமரி கார்டு வியாபாரம் என்னவோ பழையபடிதான் நடந்தது. அதைக் கடைசியில் நிறுத்தியது போலீஸ் அல்ல, மலிவாக வந்த இன்டர்நெட்!

மச்சானும் மனைவியும்

இப்போது எண்ணிக்கை யூடியூப்பில். 2018-ல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அதே போட்டியில் அவர் மனைவி ராஜலட்சுமி முன்னாலேயே வெளியேறிவிட்டார்.

ஆனால் 2019-ல் வந்த "சார்லி சாப்ளின் 2" படத்தில் இருவரும் சேர்ந்து பாடிய "சின்ன மச்சான்", யூடியூப்பில் பல கோடிப் பார்வைகளைத் தாண்டியது. பார்த்தவர்களில் புருஷனுக்கு எத்தனை, பெண்டாட்டிக்கு எத்தனை என்று எந்த ரசிகர் பிரிப்பார்?

பாட்டுப் போட்டியில் பாடியவர்களுக்குக் கைமேல் காசு இன்றைக்கும் மேடைக் கச்சேரியில்தான். கோவில் திருவிழா வந்தால் அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்குகிறார்கள் கமிட்டிக்காரர்கள். நோட்டீசில் "சூப்பர் சிங்கர் புகழ்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். முதல் பரிசா, மூன்றாம் பரிசா என்று யாரும் அச்சடிப்பதில்லை!