வெளிச்சுவர் கலர்: டப்பாவும் பில்லும் பத்திரம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் காய்வதற்குள் மார்கழியிலேயே பெயிண்ட் அடித்து, பொங்கலுக்கு வீட்டைப் பளிச்சென்று நிறுத்திவிடுகிறோம். வெயில் ஏறியதும் கொப்புளம் கிளம்பும், அடிச்சுவரில் உப்பு பூக்கும், மேற்குப் பக்கம் மட்டும் நிறம் வெளுக்கும். கேட்டால் கடைக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டுவார். மேஸ்திரி பெயிண்டைக் குறை சொல்வார். கம்பெனி ஆள் வந்து ‘சுவரில் ஈரம்’ என்று எழுதிவிட்டுப் போவார். பணம் போட்டவர் கையில் ஒரு சீட்டுகூட இருக்காது. கலர் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே கொஞ்சம் விழிப்பாக இருந்தால் இந்த நிலை வராது. பொங்கல் போனால் போகட்டும், தையோ மாசியோ ஆகட்டும், சுவர் நன்றாகக் காயட்டும். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும். சிமெண்டின் காரம் இறங்காத சுவரில் எந்த கலரும் நிலைக்காது.

ஷேடு கார்டில் தீப்பெட்டி அளவு கட்டத்தில் பார்த்த நிறம், சுவர் முழுக்க ஏறும்போது வேறாகத் தெரியும். ஒரு லிட்டர் மட்டும் வாங்கி, பிரைமருக்கு மேல் இரண்டு கோட்டாக மேற்குச் சுவரில் மூன்றடிக்கு மூன்றடி அடித்து, காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் பாருங்கள். அடர் நிறங்கள் வெயிலை உறிஞ்சும், உள்ளறை புழுங்கும். பளீர் சிவப்பு, மஞ்சள், ஊதா போன்றவற்றில் பெரும்பாலும் கரிம நிறமிகள்தான் இருக்கும். அவற்றில் பல, புறஊதாக் கதிர் பட்டால் சீக்கிரம் மங்கிவிடும். காவி, செங்கல், மண்மஞ்சள் நிறங்களைத் தருவது இரும்பு ஆக்சைடு. நம் ஊர் வெயிலை அது தாங்கும் என்பதால் என் ஓட்டு அந்த நிறங்களுக்கே.

‘பத்து வருட வாரண்டி’ என்று சொன்னால் அட்டையை வாங்கிப் படியுங்கள். பொதுவாக அது பெயிண்ட் உரிவதற்குத்தான். நிறம் மங்குவது அதில் சேருமா, எந்தெந்த ஷேடுகளுக்குச் சேராது, அதே கம்பெனி பிரைமர்தான் அடிக்க வேண்டுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கடையில் பேஸ் பெயிண்டில் மெஷின்தான் நிறத்தைக் கலக்கிறது. மூடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் ஷேடு எண் இருக்கும். அந்த எண், பெயிண்டின் முழுப்பெயர், லிட்டர் ஆகியவை ஜிஎஸ்டி பில்லிலும் வரட்டும். டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வாங்கி ஸ்டெயினரைக் கையால் கலக்கும் யோசனை வேண்டாம். குறைந்தால் அதே நிறம் மறுபடி வராது, வாரண்டியும் கேட்க முடியாது.

டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைப்பது பல பிராண்டுகளில் வழக்கம். ஒரே பிராண்டை மேஸ்திரி வற்புறுத்தினால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டப்பா உங்கள் கண்முன் திறக்கட்டும். தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அளவு மீறினால் சுவரில் ஏறுவது பெயிண்ட் அல்ல, நிறத்தண்ணீர்.

கேட், கிரில்லுக்கு எனாமல் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் கலந்த நிறமி நெடுங்காலம் பயன்பட்டது. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இல்லை என்ற வாசகம் லேபிளில் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். தொழிற்சாலைப் பெயிண்டை வீட்டு கேட்டுக்கு அடிக்கவும் விடாதீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, விதி வருவதற்கு முன் அடித்த பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கிளம்பும் தூசி. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தேய்ப்பவருக்கு நல்ல முகக்கவசம் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

குறை வந்துவிட்டதா? முதலில் தேதி தெரிய போட்டோ எடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பார்வையிட வருபவரிடம் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வேலையை மொத்தமாக எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டரின் பணி இந்தச் சட்டப்படி சேவை. உங்கள் சொல்படி நாள்கூலிக்கு வேலை செய்பவர்மீது இந்த வழியில் போவது கடினம். எனவே எத்தனை கோட், என்ன பிரைமர், சதுர அடிக்கு எவ்வளவு என்று காண்ட்ராக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

பெயிண்டிலேயே குறை என்று வழக்காடினால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதற்காகவே லேபிளோடு ஒரு டப்பாவில் கால் லிட்டராவது மிச்சம் வைத்து, இறுக மூடி, நிழலில் வையுங்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது பெயிண்ட் விலையோடு நிறுத்தாமல், மறுபடி சுரண்டும் கூலி, சாரம், பிரைமர், அடிக்கும் கூலி எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள்.