தோற்றவர் தரும் செலவு

கரியமாணிக்கத்தில் இரு குடும்பங்களுக்கிடையே வரப்பு வழக்கு ஒன்று நடப்பதாகக் கொள்வோம். தோற்றவரே வென்றவரின் வழக்குச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 35ஆம் பிரிவில் கூறும் பொதுநெறி. நீதிபதி இதனின்று விலகலாம். ஆயின் காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும். 'செலவுத்தொகை இல்லை' என்று தீர்ப்பு முடியுமானால், அவரவர் செலவு அவரவருக்கே.

வென்றவர் செலவிட்டதெல்லாம் திரும்பக் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைப்பதில்லை. நீதிமன்றக் கட்டணம், விதிகள் வரையறுத்த வழக்கறிஞர் கட்டணம், சாட்சிப்படி போன்றவையே கணக்கில் சேரும். வாய்தாதோறும் புதுச்சேரிக்குச் சென்றுவர, நடவை விட்டுவிட்டுப் போன நாள்களை யார் எழுதிவைக்கிறார்கள்? பொய்வழக்குத் தொடுத்தவர்மீது 35அ பிரிவின்படி விதிக்கத்தக்க இழப்பீடும் 3,000 ரூபாயைத் தாண்டாது. இத்தொகை இன்று எவரையும் அச்சுறுத்தாது.

சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றம் இக்குறையைச் சுட்டியது. பயணம், தங்குமிடம், வழக்கிற்காகக் கழிந்த நேரம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய உண்மையான, நியாயமான செலவே வழங்கப்பட வேண்டும் என்றது. எனினும், தில்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் 45 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவுத்தொகை வழங்கியபோது, 2011இல் உச்ச நீதிமன்றமே அதனைக் குறைத்தது. விதிகள் வகுத்த வரம்பை மீறுதல் இயலாது என்பதே காரணம். அவ்விதிகளைத் திருத்துமாறு அத்தீர்ப்பிலேயே அது பரிந்துரைக்கவும் செய்தது.