மணிப்பிரவாளம் முதல் மாத்ருபூமி வரை

தமிழோடு சமஸ்கிருதத்தைக் கலந்தால் மலையாளம் என்று நம்மவர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். சொல்ல எளிது. ஆனால் ஆயிரம் ஆண்டுக் கதையை அது மூடி மறைத்துவிடுகிறது. மலையாளத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் இருந்த உறவு ஒருபோதும் ஒரே நிலையில் நின்றதில்லை. அன்று யாருடைய இலக்கணம் செல்லுபடியானது, இன்று யாருடையது செல்லுபடியாகிறது என்று பார்த்தால் போதும், மாற்றம் விளங்கிவிடும்.

14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'லீலாதிலகம்' கேரளக் கவிதைக்கு இலக்கணம் வகுத்த நூல். அதன் நூற்பாக்களோ சமஸ்கிருதத்தில் இருக்கின்றன. கேரளத்துப் பேச்சும், வேற்றுமை உருபோடு கூடிய சமஸ்கிருதச் சொல்லும் இணைவதே மணிப்பிரவாளம் என்பது அதன் விதி. சொல்லை மட்டும் எடுத்தால் போதாது. அதன் விகுதியையும் கூடவே எடுத்தாள வேண்டும். மலையாள வினைகளுக்கே சமஸ்கிருத விகுதி பூட்டிப் பார்த்த புலவர்களும் இருந்தார்கள். இப்படிப்பட்ட கவிதையைச் சுவைக்க இரண்டு இலக்கணமும் கைவர வேண்டும். கோயிலையும் அரண்மனையையும் சுற்றியிருந்த சிறு வட்டத்துக்கே அது வாய்த்தது.

அதே நூல் 'பாட்டு' என்ற இன்னொரு மரபையும் பதிவு செய்கிறது. தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகள் மட்டும், எதுகை, மோனை ஆகியவை அதன் இலக்கணம். 12-ஆம் நூற்றாண்டினதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 'ராமசரிதம்' இந்த வகை. அதில் வடமொழிப் பெயர்கள்கூடத் தமிழ் ஒலிக்கு இசைந்துதான் நுழைய முடிந்தது. ஆக, ஒரே நிலத்தில் இரண்டு கவிதைகள், இரண்டு சட்டங்கள்.

16-ஆம் நூற்றாண்டில் துஞ்சத்து எழுத்தச்சன் இந்தப் பிளவைக் கடந்தார். சமஸ்கிருத ஒலிகள் அனைத்தையும் தாங்கும் எழுத்தை எடுத்துக்கொண்டு, கிளி பாடுவதாக அமையும் கிளிப்பாட்டின் ஓட்டத்தில் ராமாயணத்தைப் பாடினார். நம் ஆடியை ஒட்டி வரும் கர்க்கடக மாதத்தில் கேரள வீடுகளில் இன்றும் வாசிக்கப்படுவது அவருடைய அத்யாத்ம ராமாயணம்தான். அதே நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர், கேரளக் கணித மரபின் நிறுவல்களை 'யுக்திபாஷா' என்ற நூலில் மலையாள உரைநடையில் எழுதிவைத்தார். அறிவுத் துறை நூல் என்றால் சமஸ்கிருதம் என்றிருந்த காலத்தில் அது துணிந்த காரியம்.

ஆனால் சமஸ்கிருதம் படிக்கும் உரிமை நெடுங்காலம் சாதியோடு கட்டுண்டே கிடந்தது. அந்தக் கட்டை அவிழ்த்தவர்களை மறக்கக் கூடாது. பட்டாம்பியில் புன்னசேரி நம்பி சாதி பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்துக் கற்பித்தார். ஒடுக்கப்பட்ட ஈழவக் குடும்பத்தில் பிறந்த நாராயண குரு மலையாளம், சமஸ்கிருதம், தமிழ் மூன்றிலும் பாடினார். ஆலுவாயில் சமஸ்கிருதப் பாடசாலையும் நடத்தினார்.

மேடையிலும் இதே கதைதான். சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம் கோயிலின் நாடக அரங்கான கூத்தம்பலத்துக்குள் சாக்கியார், நங்கியார் குடும்பங்களின் உரிமையாக இருந்தது. நாயகன் சமஸ்கிருதத்தில் பேச, கோமாளிப் பாத்திரமான விதூஷகன் அதை மலையாளத்தில் விரித்துரைப்பான். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பைங்குளம் ராம சாக்கியார் அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தார். 1965-இல் கேரள கலாமண்டலத்தில் அது பாடமாயிற்று. 2001-இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. இன்று எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் அதைக் கற்கலாம்.

இன்றைய நிலையைக் காட்ட ஒரு பத்திரிகைக் கடை போதும். கத்தோலிக்கர்கள் தொடங்கிய 'தீபிகா', முஸ்லிம் லீகின் 'சந்திரிகா', கம்யூனிஸ்டுகளின் 'தேசாபிமானி', விடுதலைப் போரில் பிறந்த 'மாத்ருபூமி', ஈழவர் எழுச்சியோடு வளர்ந்த 'கேரள கௌமுதி' என எல்லாமே சமஸ்கிருதப் பெயர்கள். ஒரு காலத்தில் குறுகிய வட்டத்தின் அடையாளமாக இருந்த சொற்கள் இப்போது மதம், சாதி, கட்சி தாண்டி எல்லோருக்கும் பொதுச்சொத்து.

அந்தப் பத்திரிகைகளின் உள்ளே இலக்கணம் தலைகீழாகியிருக்கிறது. மாணவர்களுடைய என்பதற்கு மணிப்பிரவாளப் புலவர் 'வித்யார்த்தினாம்' என்று எழுதியிருப்பார். இன்றைய செய்தியாளர் 'வித்யார்த்திகளுடெ' என்கிறார். சொல் வடமொழி; அதில் ஏறியிருக்கும் 'கள்' நமக்கும் உரியது. வினைச்சொல் இன்னும் தெளிவாகப் பேசும். சமஸ்கிருத வினைக்கு மூன்று இடம், மூன்று எண் என ஒன்பது வடிவங்கள். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தாள். மலையாளத்திலோ நான், நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும் 'வந்நு' ஒன்றே. இந்தச் சுருக்கம் சமஸ்கிருதம் கொடுத்ததல்ல; மலையாளம் தானே நடந்து சேர்ந்த இடம். சமஸ்கிருதப் பண்டிதரான ஏ.ஆர்.ராஜராஜ வர்மாவே தம் இலக்கண நூலான 'கேரள பாணினீய'த்தில் இதைத் தம் மொழியின் தனி இயல்புகளில் ஒன்றாக வைத்தார்.

இத்தனை மாற்றத்திலும் ஓர் இழப்பு இருக்கிறது. அன்று கேரளத்தில் சமஸ்கிருதம் பெரும்பாலும் மலையாள எழுத்திலேயே வாழ்ந்தது. 1909-இல் டி.கணபதி சாஸ்திரி, பழைய சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் நாடகங்களைக் கண்டெடுத்தது மலையாள எழுத்து ஓலைகளில்தான். இடம், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணலிக்கரை. உலகம் தொலைத்துவிட்டதாக நினைத்த நாடகங்களைக் காத்தது அந்த எழுத்து. இன்றோ பள்ளிப் பாடநூல் சமஸ்கிருதத்தைத் தேவநாகரியில் கற்பிக்கிறது. 1993-இல் காலடியில் சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் திருவனந்தபுரத்துச் சுவடி நூலகத்தில் அடுக்கியிருக்கும் பழைய ஓலைகளைப் படிக்க நாகரி மட்டும் தெரிந்தால் ஆகாது.

ஆங்கில வழிப் பள்ளிகள் பெருகும் காலத்தில் மலையாள எழுத்தே பல பிள்ளைகளுக்குக் கைநழுவிக்கொண்டிருக்கிறது. அது நழுவினால் நஷ்டம் மலையாளத்துக்கு மட்டுமல்ல, சமஸ்கிருதத்துக்கும்தான். ஆகவே கேரளத்தில் சமஸ்கிருதம் கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் பழைய மலையாள எழுத்தைப் படிக்கும் பயிற்சியும் கட்டாயம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் கதவு திறந்தாயிற்று. உள்ளே இருக்கும் ஓலைகளைப் படிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே அடுத்த வேலை.