காசோலை நின்றுவிடுகிறது, படம் பயணப்படுகிறது

தில்லி கரோல் பாகில் உள்ள வங்கிக் கிளையொன்றில் நாம் செலுத்தும் காசோலை, பணம் தர வேண்டிய கன்னாட் பிளேஸ் கிளையைச் சென்றடைவதே இல்லை. பெற்றுக்கொண்ட வங்கியிலேயே அது தங்கிவிடுகிறது. வலைப்பின்னல் வழியே செல்வது அதன் படமும் அதற்குரிய விவரங்களுமே. சி.டி.எஸ். எனப்படும் இம்முறை இந்தியாவில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது தில்லித் தலைநகர்ப் பகுதியில்தான். நாள், 2008 பிப்ரவரி 1. சென்னை 2011-இல் தொடர்ந்தது.

காகிதமே பயணப்பட்ட காலத்தில், ஐயம் எழுந்தால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். இன்று கன்னாட் பிளேஸ் அலுவலர் காண்பவை திரையில் தோன்றும் மூன்று படங்கள்: முன்பக்கத்துக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு ஒன்று. வரும் வழியில் 10,000 ரூபாய் 70,000 ஆகியிருந்தால் அவர் அதை எவ்வாறு அறிவார்? சட்டம் இதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2002-இல் திருத்தப்பட்ட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, மூலக் காசோலைக்கும் அதன் மின்னணுப் படத்துக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டை முக்கியத் திருத்தமாகவே கருதுகிறது. படம் எடுத்து அனுப்பும்போது அதன் துல்லியத்தைக் காப்பது வங்கியின் அல்லது தீர்வகத்தின் கடமை என்றும் அது விதிக்கிறது.

அக்கடமையை நிறைவேற்றும் கருவி ஒரு கணக்கீடு. லாரி ஷெட்டில் சரக்கு மூட்டையை ஏற்றும்போது ஒருமுறையும் இறக்கும்போது ஒருமுறையும் எடை போடுவதுண்டு. எடை ஒத்திருந்தால் மூட்டை குறையவில்லை என்று கொள்கிறோம். ஆனால் அரிசியை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கல்லை வைத்தவனைத் தராசு காட்டிக்கொடுக்காது. ‘ஹாஷ்’ என்னும் கணக்கீடு அவ்விடத்திலும் ஏமாறுவதில்லை. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அதைக் குறித்த நீளமுள்ள ஓர் அடையாளமாக அது சுருக்கித் தரும். பரவலாக வழங்கும் ஷா-256 முறையில் அது 64 எழுத்துகளாக எழுதப்படும். படத்தில் ஒரேயொரு புள்ளி மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். அதே அடையாளம் தரும் வேறொரு கோப்பை உருவாக்குவது நடைமுறையில் இயலாதது.

எனினும், கோப்பைத் திருத்தியவன் புதிய அடையாளத்தையும் தானே கணக்கிட்டு உடன் வைத்துவிடலாமே? அதனால்தான் அனுப்பும் வங்கி, தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியைக்கொண்டு அதன்மேல் டிஜிட்டல் கையொப்பமிடுகிறது. தீர்வகமும் பணம் தரும் வங்கியும் பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கின்றன. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் தனது 3-ஆம் பிரிவிலேயே இம்முறைக்கு இடமளித்துவிட்டது.

இத்தனையும் உறுதிசெய்வது ஒன்றைத்தான்: அனுப்பியது அப்படியே வந்து சேர்ந்தது. அனுப்பப்பட்டது உண்மையானதா என்பது வேறு கேள்வி. வேதிப்பொருளால் மையை அழித்துத் தொகையை மாற்றி எழுதிய ஒரு காசோலையைப் படமெடுத்தால், கையொப்பம் அந்தப் பொய்யையும் பழுதின்றிக் கொண்டுசேர்க்கும். ஐயம் வலுத்தால் மூலக் காசோலையையே கேட்டுப் பெறும் உரிமை பணம் தரும் வங்கிக்குச் சட்டப்படி உண்டு. ஆனால் நல்ல போலி ஐயத்தை எழுப்புவதில்லை.

இவ்விடத்தில்தான் வாடிக்கையாளரின் பங்கு வருகிறது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாசிட்டிவ் பே’ ஏற்பாட்டில், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் காசோலை எழுதுவோர் அதன் தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றைக் குறுஞ்செய்தி, கைபேசிச் செயலி, இணைய வங்கி போன்ற வழிகளில் தம் வங்கிக்கு முன்னதாகவே தெரிவிக்கலாம். வந்த படம் அந்த விவரங்களோடு ஒப்பிடப்படும். ஓரிரு நிமிட வேலைதான்; நம்மில் பலர் சோம்பலால் தவிர்க்கிறோம். 5,00,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான காசோலைகளுக்கு இதைக் கட்டாயமாக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. மேலும், பாசிட்டிவ் பே விதிகளுக்கு இணங்கிய காசோலைகள் மட்டுமே சி.டி.எஸ். தகராறுத் தீர்வு முறையில் ஏற்கப்படும்.